உடல் மாறிய எஞ்சின்



நம் மன்றத்து இதழில் கவிதைக்கும் கதைக்கும் குறைவில்லை. காவியத் தலைவியின் கண்ணழகைப் பாடுவோர் நம்மிடையே பலர்; கரி படிந்த இரும்பின் உள்ளழகை எடுத்துரைப்போர் மிகச் சிலர். அக்குறையைச் சிறிதேனும் போக்கலாம் என்னும் ஆசையால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். எடுத்துக்கொண்ட பொருள் இது: ஒரு மோட்டார் எஞ்சினின் உடல் பழுதாகிவிட்டால், அதன் நல்ல உறுப்புகளைக் கழற்றி வேறோர் உடலில் பொருத்தி மீண்டும் ஓடச் செய்வது எப்படி?

நூலில் படித்ததை மட்டும் நான் இங்கே சொல்லவில்லை. சென்ற கோடை விடுமுறையில் இதனை என் கைகளாலேயே செய்தேன். செய்ததில் ஒரு பெரும் பிழையும் புரிந்தேன். அப்பிழையையும் மறைக்காமல் சொல்வேன்; ஏனெனில் நான் கற்ற பாடத்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

ஊரும் வண்டியும்

கோவையிலிருந்து வடமேற்கே தடாகம் சாலையில் கணுவாய், சின்னத்தடாகம், மாங்கரை ஆகிய ஊர்களைக் கடந்து மலையேறினால், சுமார் 30 கிலோமீட்டரில் ஆனைகட்டி வரும். பெயருக்கேற்ப யானைகள் நடமாடும் இடம். எல்லையைத் தாண்டினால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி. என் பாட்டனார் நிலம் தேடிக் கொங்குச் சமவெளியிலிருந்து அந்தப் பக்கம் குடியேறியவர். நான் கல்வி தேடி அங்கிருந்தும் பெயர்ந்து, இந்த வடபுலத்துப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை பயில்கிறேன். பெயர்ந்து வாழ்தல் எங்கள் குடும்பத்துக்குப் பழகிப்போன ஒன்று.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் உண்டு. எனக்கு வயது 23. ஜீப்புக்கு என்னைவிட வயது மிகுதி. தோட்டத்து வாழைத்தாரையும் காய்கறி மூட்டையையும் ஆனைகட்டிச் சந்திப்புக்குக் கொண்டு சேர்ப்பது அதுதான். இரவில் யாருக்கேனும் பிரசவ வலி கண்டால் மருத்துவமனைக்கு ஓடுவதும் அதுதான்.

இவ்வகை வண்டியின் வரலாற்றை இரண்டொரு வரிகளில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லீஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் அவ்வண்டி உழவனுக்கும் உதவும் என்று கண்டனர். நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. எங்கள் வண்டியில் இருப்பது, வில்லீஸ் நிறுவனம் 1950-இல் வெளியிட்ட 'ஹரிகேன்' என்னும் நான்கு சிலிண்டர் எஞ்சினின் வழிவந்தது. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு; துல்லியமாகச் சொன்னால் 3.125 அங்குலம். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தொலைவு 4.375 அங்குலம். நான்கு சிலிண்டருக்கும் கணக்கிட்டால் கொள்ளளவு ஏறத்தாழ 2,199 கன சென்டிமீட்டர் ஆகும்.

கடந்த கோடையில் நான் விடுமுறைக்கு வீடு சேர்ந்தபோது ஜீப் மாட்டுக் கொட்டகையில் அசைவற்று நின்றது. "இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். உன் அடுத்த பருவக் கட்டணத்துக்கு ஆகும்" என்றார் அப்பா. அவர் அதை வருத்தமின்றிச் சொன்னதுதான் எனக்கு வருத்தமாயிற்று. வண்டியை விற்றால் என் படிப்பு நடக்கும். ஆனால் வீட்டின் வரும்படி நின்றுபோகும். "ஒரு மாதம் பொறுங்கள் அப்பா" என்று கேட்டுக்கொண்டேன்.

எஞ்சினின் உடல்

எஞ்சினில் உடல் என்பது எது? பட்டறையில் அதனை 'பிளாக்' என்பர். நான்கு சிலிண்டர்களும், அவற்றைச் சூழ்ந்து குளிர்நீர் ஓடும் அறைகளும், எண்ணெய் ஓடும் துளைகளும் ஒன்றாக அமைந்த வார்ப்பிரும்புக் கட்டி அது. அதன் அடிப்புறத்தில் கிராங்கு என்னும் வளைதண்டு படுத்திருக்கும். எங்கள் எஞ்சினில் அதனை மூன்று இடங்களில் தாங்குகிறார்கள். தாங்கும் ஒவ்வோர் இடத்திலும் மேல்பாதி பிளாக்கின் பகுதி. கீழ்ப்பாதி போல்ட் இட்டு முடுக்கிய ஒரு மூடி. இம்மூடிகளை மறவாதீர்கள், இக்கட்டுரையின் வில்லனும் கதாநாயகனும் அவையே.

பிளாக்கின் தலைமேல் மூடியாக அமர்வது 'ஹெட்'. இடையே 'கேஸ்கட்' என்னும் தகடு. பெரும்பாலான எஞ்சின்களில் காற்று நுழையும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் ஹெட்டிலேயே இருக்கும். ஹரிகேன் எஞ்சினிலோ ஒரு புதுமை உண்டு. உள்ளிழுக்கும் நான்கு வால்வுகள் ஹெட்டில் தொங்குகின்றன; புகைபோக்கும் நான்கு வால்வுகளோ பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. இதனால் ஹெட்டில் இடம் மிகுந்து பெரிய உள்வால்வு வைக்க முடிந்தது. எஞ்சினின் ஆற்றலும் உயர்ந்தது. ஆனால் எந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. புகை வால்வின் இருக்கைக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருப்பது மெல்லிய இரும்புப் பாலமே. எஞ்சினிலேயே மிகக் கடுமையாகச் சூடேறும் இடங்களில் அதுவும் ஒன்று.

வெடிப்பு வந்த விதம்

எங்கள் ஜீப்பின் உயிர் போனது அந்தப் பாலத்தில்தான். ரேடியேட்டரில் சிறு ஒழுக்கு. சுமையோடு மேட்டில் ஏறும்போது நீர் வற்றி எஞ்சின் கொதித்தது. வண்டியை ஓட்டிச் சென்றவர் அவசரத்தில் ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டார். 'டப்' என்றொரு ஒலி, பிறகு வெண்புகை. ஓட்டிச் சென்றவர் வேறு யாருமல்லர், என் அப்பாதான்.

சூடான இரும்பில் குளிர்நீர் பட்டால் ஏன் வெடிக்க வேண்டும்? இங்கே நம் இயற்பியல் துணைக்கு வருகிறது. குளிர்ந்த மேற்பரப்பு சுருங்க விரும்புகிறது. உள்ளே இன்னும் சூடாக இருக்கும் இரும்பு அதனைச் சுருங்க விடாது. ஒருவர் இழுக்க ஒருவர் மறுக்க, மேற்பரப்பில் இழுவிசை தோன்றுகிறது. அதனை அளக்க எளிய வழி உண்டு. பொருளின் மீள்தன்மை எண், வெப்பத்தால் விரியும் எண், வெப்ப வேறுபாடு ஆகிய மூன்றையும் பெருக்கினால் போதும்.

வார்ப்பிரும்புக்கு மீள்தன்மை எண், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1,00,000 நியூட்டன். ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் அது விரிவது பத்து லட்சத்தில் 11 பங்கு. வெப்ப வேறுபாடு 150 பாகை என்று கொள்வோம். பெருக்கி வருவது சதுர மில்லிமீட்டருக்கு 165 நியூட்டன். சாதாரணச் சாம்பல்நிற வார்ப்பிரும்பு தாங்கும் இழுவிசை 150 முதல் 250 வரை. ஆகவே எல்லைக்கோட்டை ஒரு குவளைத் தண்ணீரில் எட்டிவிட்டோம்! அதற்குமேல் பல ஆண்டு உழைப்பின் களைப்பும் சேர்ந்தால் வெடிப்பதில் வியப்பென்ன?

அப்படியானால் வார்ப்பிரும்பை ஏன் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கலாம். அதனுள் மூன்று விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கரி உண்டு. அதில் பெரும்பகுதி, பென்சிலில் நாம் காணும் கிராஃபைட்டாக, மெல்லிய செதில்களாகப் பரவியிருக்கிறது. அச்செதில்கள் உராய்வைத் தணிக்கின்றன, அதிர்வை விழுங்குகின்றன, கடைசல் பிடிக்க எளிதாக்குகின்றன. ஆனால் இழுக்கும்போது அதே செதில்கள்தாம் வெடிப்புக்கு வழிகாட்டும் கீறல்களாகின்றன. குணமும் குற்றமும் ஒரே இடத்திலிருந்து பிறப்பதை இதனினும் தெளிவாக எங்கே காண்போம்?

கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காணப் பட்டறையில் ஓர் எளிய சோதனை செய்வார்கள். மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளைப் பூசுவார்கள். வெடிப்பினுள் நுண்துளைக் கவர்ச்சியால் புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெண்மையில் கருங்கோடாகத் தெரியும். எங்கள் பிளாக்கில் அக்கோடு மூன்றாம் புகை வால்வின் இருக்கையில் தொடங்கிச் சிலிண்டர் சுவரில் நீண்டு இறங்கியது. "இதை ஒட்டவும் முடியாது, ஸ்லீவ் போடவும் முடியாது தம்பி. உடம்பைத்தான் மாத்தோணும்" என்றார் ஆனைகட்டியில் பட்டறை வைத்திருக்கும் மூத்த மெக்கானிக். அவரை நான் 'அண்ணா' என்றே அழைப்பது வழக்கம். என் தந்தையாரைவிட மூத்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்.

மாற்று உடல் தேடி

புதிய பிளாக் இன்று கடையில் கிடைக்காது. பழைய இரும்புக் கடைகளில்தான் தேட வேண்டும். கோவை உக்கடம் பக்கத்தில் இரண்டு நாள் அலைந்தோம். கோவையில் இவ்வளவு பட்டறைகள் ஏன் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கிய கோ. து. நாயுடு அவர்கள், பின்னர் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார். வண்டி ஓடினால் பழுதும் வரும். பழுது வந்தால் பட்டறையும் வரும். 1937-இல் இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் அவரும் பாலசுந்தரமும் முயன்றதால் கோவையில் பிறந்தது. பின்னர்ப் பம்புசெட்டும் வார்ப்படச் சாலையும் பெருகின. சென்னையிலும் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் தோன்றி, பிஸ்டன் செய்யும் கலை தமிழகத்தில் வேரூன்றியது. எங்கள் ஜீப்பைப் போன்ற ஏழை வண்டிகள் இன்றும் பிழைப்பது அந்த மரபின் நிழலில்தான்.

மூன்றாம் கடையில் ஒரு பிளாக் கிடைத்தது. நான் சிலிண்டரைத் தடவிப் பார்த்தேன். அண்ணாவோ முதலில் அதனைக் கவிழ்க்கச் சொன்னார். "மூடி மூணும் இருக்குதா?" என்று கேட்டார். இருந்தன, துருவேறி, போல்ட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. "மூடியில்லாத பிளாக்கை ஓசியில் குடுத்தாலும் வாங்கக்கூடாது" என்றார். எங்கள் பழைய பிளாக்கில்தான் மூன்று நல்ல மூடிகள் இருக்கின்றனவே என்று நான் எண்ணினேன், கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அங்கே இன்னொரு செய்தியும் நடந்தது. எஞ்சின் எண் பொறித்திருப்பது பிளாக்கின்மேல், முன்புறம் நீர்ப்பம்பு பொருந்தும் மேட்டில். பிளாக் மாறினால் எண்ணும் மாறும். கடையில் நின்ற ஒருவர், "பழைய எண்ணையே இதில் அடித்துத் தருகிறேன், அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்" என்று மெல்லிய குரலில் சொன்னார். எல்லைச் சோதனைச் சாவடியை அன்றாடம் கடக்கும் எங்களுக்கு அது எளிய வழியாகவே தோன்றும். அப்பா மறுத்துவிட்டார். "வண்டி நின்றாலும் நிற்கட்டும், பொய் எண்ணோடு ஓட வேண்டாம்" என்றார். கடைக்காரரிடம் எண்ணைக் குறிப்பிட்டுப் பற்றுச்சீட்டு எழுதி வாங்கினோம்.

சட்டமும் இதனைத் தெளிவாகச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, தன் 52-ஆம் பிரிவில் வண்டியில் செய்யும் மாற்றங்களை நெறிப்படுத்துகிறது. எஞ்சினை மாற்றுவோர் அதனைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழிலும் திருத்திக்கொள்ள வேண்டும். எண்ணை மாற்றி அடிப்பதோ குற்றம். நண்பர்களே, பழைய பிளாக் வாங்குமுன் அதன் எண்ணையும் வந்த வழியையும் பாருங்கள். திருட்டு வண்டியின் உடல் நம் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

எவை இடம் மாறும்? எவை மாறா?

பிளாக் வந்து சேர்ந்தது. இனி உறுப்புகளை மாற்ற வேண்டும். முன்பே என் குறிப்பேட்டில் ஓர் அட்டவணை எழுதியிருந்தேன். அதன் சாரம் இது.

முதலாவது, அப்படியே இடம் மாறக்கூடியவை: நீர்ப்பம்பு, கார்புரேட்டர், டைனமோ, எண்ணெய்த் தொட்டி போன்றவை. கழுவி, கேஸ்கட் மாற்றிப் பொருத்தினால் போதும்.

இரண்டாவது, தம் துணையோடுதான் மாறக்கூடியவை. ஒவ்வொரு கனெக்டிங் ராடுக்கும் அதன் மூடி துணை. இரண்டையும் சேர்த்தே துளையிட்டிருப்பதால் ஒன்றின் மூடியை மற்றொன்றுக்கு இடலாகாது. கேம் தண்டின் ஒவ்வொரு மேட்டுக்கும் அதன்மேல் உராயும் டேப்பட் துணை; ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்துப் பொருந்தியவை. எட்டு டேப்பட்டுகளையும் எட்டுத் துளையிட்ட அட்டையில் வரிசை மாறாமல் குத்தி வைத்தேன்.

மூன்றாவது, புதிய இடத்துக்கேற்பத் திருத்தி அமைக்க வேண்டியவை. பிஸ்டனே இதற்குச் சான்று. புதிய பிளாக்கின் சிலிண்டர்களை அளந்தபோது மேற்புறத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 8 பங்கு தேய்ந்திருந்தது. கீழ்ப்புறத்தில் தேய்வு மிகக் குறைவு. வெடிப்பின் அழுத்தம் மிகுந்து எண்ணெய்ப் படலம் மெலிந்திருப்பது மேற்புறத்தில்தான். ஆதலால் சிலிண்டர் மேலே அகன்றும் கீழே குறுகியும் தேயும். எங்கள் பழைய பிஸ்டன்களோ, முன்னரே ஒருமுறை துளை பெருக்கியபோது போட்ட, ஆயிரத்தில் 20 பங்கு பெரிய அளவின. தேயாமல் நன்றாக இருந்தன. ஆகவே கோவையில் ஒரு லேத்துப் பட்டறையில் நான்கு பிஸ்டன்களையும் கொடுத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அதற்குரிய பிஸ்டனின் அளவுக்கேற்பக் கடைந்து தரச் செய்தோம். இதனால் விட்டம் 3.145 அங்குலமாயிற்று, கொள்ளளவும் சுமார் 28 கன சென்டிமீட்டர் கூடிற்று.

கடைந்த சுவரை வழுவழுப்பாக விடுவதில்லை. ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இழுப்பார்கள். அக்கோடுகளில் எண்ணெய் தங்கும். புதிய ரிங்குகள் சுவரோடு பொருந்தி அமரும். ரிங்கின் வாயில் இடைவெளி விடவும் வேண்டும். சிலிண்டர் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் 3 அல்லது 4 பங்கு என்பது பட்டறை வழக்கு. இடைவெளி இல்லையேல் சூட்டில் விரிந்த ரிங் தன்னைத்தானே நெருக்கி உடையும்.

புகை வால்வுகளும் இவ்வகையே. வால்வு பழையது, இருக்கை புதியது. இரண்டுக்கும் நடுவே அரைக்கும் பசையைத் தடவி, இருபுறமும் சுழற்றிச் சுழற்றித் தேய்த்து, சாம்பல்நிற வளையம் ஒன்று முழுமையாகத் தோன்றும்வரை இணக்கம் செய்ய வேண்டும். ஒரு வால்வுக்கு அரை மணி ஆயிற்று, தோள் வலித்தது.

நான்காவது, இடம் மாறவே கூடாதவை. என் அட்டவணையில் இந்தத் தலைப்பின்கீழ் நான் எழுதியிருந்தது ஒன்றே: வெடித்த பிளாக். அங்கேதான் பிழை.

நான் செய்த பிழை

ஒரு நாள் மாலை அண்ணா கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். கிராங்கு கழுவித் தயாராக இருந்தது. புதிய பேரிங் தகடுகளும் வந்திருந்தன. பட்டறையில் நான் மட்டும் இருந்தேன். புதிய பிளாக்கின் மூன்று மூடிகளும் ஒரு சாக்கில் துருவோடு கிடந்தன. பழைய பிளாக்கின் மூன்று மூடிகளும் மண்ணெண்ணெயில் குளித்துப் பளபளவென்று மேசைமேல் இருந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே தொழிற்சாலை மாதிரி. முதுகலை மாணவனுக்கு இதில் ஐயமே எழவில்லை. பளபளப்பானதை எடுத்தேன். எண்ணெயிட்டேன். டார்க் ஸ்பேனரால், கையேடு சொல்லும் 65 முதல் 75 அடி-பவுண்டு அளவில், முறையாக முடுக்கினேன். பிறகு கிராங்கைத் திருப்பினேன்.

அசையவில்லை.

இரும்புத் தடியை நுழைத்து வலிந்து திருப்பினேன். கால் சுற்று நகர்ந்து, முனகி, நின்றுவிட்டது. வெளியே இருட்டிவிட்டது, யானை இறங்கும் நேரம் என்று வீட்டிலிருந்து அழைப்பு வேறு. கிராங்கு வளைந்துவிட்டதோ, வாங்கிய பிளாக்கே கோணலோ, அப்பாவின் பணம் எல்லாம் வீணோ என்று அன்றிரவு உறங்கவில்லை.

காலையில் அண்ணா வந்தார். கிராங்கை ஒருமுறை தொட்டார். பிறகு சாக்கைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். திட்டவில்லை. "மூடி பிளாக்கோட பொறந்ததுங்க தம்பி. ஒருத்தன் தலைக்கு எடுத்த தொப்பி இன்னொருத்தனுக்கு எப்படி உக்காரும்?" என்றார்.

அவர் சொன்னதன் அறிவியல் இதுதான். தொழிற்சாலையில் மூடிகளைத் தனியே துளையிடுவதில்லை. மூன்று மூடிகளையும் பிளாக்கில் முடுக்கிவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே நீண்ட கருவியால் ஒரே கோட்டில் கடைகிறார்கள். ஆகவே வட்டத்தின் மேல்பாதி பிளாக்கிலும் கீழ்ப்பாதி மூடியிலும் இருந்தாலும், வட்டம் ஒன்றே. வேறொரு பிளாக்கின் மூடியை வைத்தால் இரண்டு அரைவட்டங்கள் கிடைக்குமே ஒழிய ஒரு வட்டம் கிடைக்காது. மூன்று துளைகளும் ஒரே கோட்டிலும் நில்லா. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய்க்கு விடும் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு. தலைமயிரின் பருமனே அதன் மேல் எல்லை. அந்த அளவில் கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுபவை ஒன்றல்ல.

பளபளப்பான மூடிகளைக் கழற்றினோம். நடுப் பேரிங் தகட்டில் ஆழமான கீறல். புதிய தகடு வாங்க மீண்டும் கோவைக்குப் போய்வர ஒரு நாளும் சில ஆயிரம் ரூபாயும் ஆயின. நல்ல வேளையாகக் கிராங்கு தப்பியது. சாக்கிலிருந்த மூடிகளைக் கம்பித் தூரிகையால் துலக்கி, இடமும் திசையும் மாறாமல் வைத்து முடுக்கினோம். அண்ணா ஒற்றை விரலால் தள்ளினார். கிராங்கு ஓசையின்றிச் சுழன்றது.

பூட்டுதலும் உயிரூட்டுதலும்

அதன்பின் வேலை விரைந்து நடந்தது. எல்லாவற்றையும் விரிக்காமல், கருத்தில் கொள்ள வேண்டிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கிராங்கு முன்பின்னாக ஆடும் ஆட்டம் ஆயிரத்தில் 4 முதல் 6 பங்குக்குள் இருக்க வேண்டும். முன்முனையில் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் அதனைச் சரிசெய்தோம். கிராங்கு இருமுறை சுற்றினால் கேம் தண்டு ஒருமுறை சுற்றும்; அதற்கான பற்சக்கரங்களில் உள்ள அடையாளங்களை நேருக்கு நேர் வைத்தோம். ஒரு பல் தவறினாலும் வால்வுகள் காலம் தவறித் திறக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டுவது எண்ணெய்ப் பம்பின் தண்டு. ஆதலால் பம்பைப் பொருத்தும்போதே அதன் நுனிப் பள்ளத்தின் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வால்வு இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் ஃபீலர் தகட்டால் அளந்து, உள்வால்வுக்கு ஆயிரத்தில் 18, புகை வால்வுக்கு 16 என வைத்தோம். பொறி தெறிக்கும் வரிசை 1, 3, 4, 2.

எல்லாம் முடிந்தபின் உடனே சாவியைத் திருப்பவில்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் முள்ளில் தெரியும்வரை எஞ்சினைச் சுற்றவிட்டோம். எண்ணெய் போகாத இடத்தில் உலோகமும் உலோகமும் ஒரு நொடி உராய்ந்தாலும் ஒரு மாத உழைப்பு பாழ். பிறகு பிளக்குகளை மாட்டினோம். அண்ணா என் அப்பாவைப் பார்த்து, "நீங்களே போடுங்க மாப்ளே" என்றார். இருமுறை இருமிவிட்டு மூன்றாம் முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பா பேசவில்லை; ரேடியேட்டர் மூடியருகே குனிந்து ஒழுக்கு உண்டா என்றுதான் பார்த்தார்.

முதல் 800 கிலோமீட்டர் வரை சுமையேற்றாமல், வேகமெடுக்காமல் ஓட்டி, எண்ணெயை மாற்றினோம். புதிய எண்ணைப் பதிவு செய்ய இரண்டு முறை அலுவலகம் போனோம். இன்று பதிவுச் சான்றிதழில் இருப்பதும் பிளாக்கில் இருப்பதும் ஒரே எண்.

பழையதா, புதியதா?

ஓடுவது பழைய எஞ்சினா, புதிய எஞ்சினா? கிரேக்க அறிஞர் புளூட்டார்க், தீசியஸ் என்பவனின் கப்பலைப் பற்றி இதே வினாவை எழுப்புகிறார். பழுதான பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் அது அதே கப்பல்தானா என்று ஏதென்ஸ் நகரத்து அறிஞர் வாதிட்டனராம். எங்கள் வினா அதற்கு மறுதலை. இங்கே பலகைகள் பழையவை, உடல்தான் மாறியது. சட்டம் எண்ணைப் பார்த்து 'வேறு எஞ்சின்' என்கிறது. அப்பாவோ ஒலியைக் கேட்டு 'நம்ம வண்டிதான்' என்கிறார். தத்துவ மாணவர்கள் இதற்கு விடை காணட்டும். இடம் கொடுக்க இதழாசிரியர் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

என் மனத்தில் தங்கியது வேறு. குடிபெயர்ந்து வாழும் நமக்கும் அந்த அட்டவணை பொருந்தும். மொழி, தொழில், பழகிய நெஞ்சம் இவை நம்மோடு இடம் மாறும். சில பழக்கங்களைப் புதிய இடத்துக்கேற்பத் தேய்த்து இணக்கம் செய்தாக வேண்டும். அந்தந்த மண்ணிலேயே கடைந்தெடுத்த மூடிகளும் உண்டு. அவை துருவேறித் தோன்றினாலும், நம் பளபளப்பான மூடிகளை அவற்றின் இடத்தில் வலிந்து முடுக்கலாகாது. முடுக்கினால் எதுவும் சுழலாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அண்ணா என்னிடம் ஒருமுறைகூட 'சகிப்பெல்லை' என்னும் சொல்லைச் சொன்னதில்லை. ஆயினும் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது என்ன என்று அவர் விரல் அறியும். அத்தகையோர் நம் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். அவர்கள் அறிவு ஏட்டில் ஏறாமல் அவர்களோடு மறைந்துபோகிறது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள், தத்தம் ஊர்ப் பட்டறையிலோ தறியிலோ உலைக்களத்திலோ ஒரு மாதம் நின்று, கண்டதைத் தமிழில் எழுதி வாருங்கள். நம் இதழின் பக்கங்கள் அதற்குக் காத்திருக்கின்றன.